கடல் தெரியாத மாடி

முத்தியால்பேட்டை மணிக்கூண்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் வீடு. மாடியில் உள்ள இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். சனி, ஞாயிறு என்றால் புதுச்சேரியில் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் வருகிறவர்கள் ஒயிட் டவுனில்தான் அறை தேடுவார்கள். தறி ஓடிய தெருக்கள் கொண்ட எங்கள் பேட்டைப் பக்கம் அவர்களை வரவழைக்க, மேப்பில் தெரியும் நட்சத்திரம்தான் ஒரே வழி என்று நினைத்தேன். அப்போது எனக்கு இருந்தது 11 ரிவ்யூ, 3.9 நட்சத்திரம்.

ஆன்லைன் விளம்பரம் செய்து தருவதாக ஒரு தம்பி வந்தார். "அக்கா, நாலாயிரம் குடுங்க. ஒரே மாசத்துல நாப்பது ரிவ்யூ, அத்தனையும் அஞ்சு ஸ்டார். இப்ப எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க" என்றார். 'எல்லாரும்' என்ற அந்தச் சொல்லில் என் தயக்கம் கரைந்துபோனது. கொடுத்துவிட்டேன்.

நட்சத்திரம் 4.8 ஆனது. போன் அடிக்கத் தொடங்கியது. அந்த ரிவ்யூக்களில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்துப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மகன், மருமகள், எழுபதைத் தாண்டிய அம்மா. மூட்டுவலியால் மணலில் நடக்க முடியாதவர் அவர். படிக்குப் படி நின்று மாடியேறி வந்து, மூச்சு வாங்கியபடியே, "கடல் தெரியற பால்கனி எதும்மா?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. மகன் போனை நீட்டினார். பால்கனியில் உட்கார்ந்தே கடலைப் பார்த்ததாகவும் காலை டிபன் பிரமாதம் என்றும் யாரோ எழுதியிருந்தார். எங்கள் மாடியிலிருந்து தெரிவது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் நாலு தென்னை மரமும். டிபன் நாங்கள் கொடுப்பதே இல்லை.

முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த அம்மா ஒரு கடிந்த சொல்கூடச் சொல்லவில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெதுவாக இறங்கினார். அவர் இறங்கி முடிக்கும்வரை என்னால் தலைநிமிர முடியவில்லை.

மறுநாள் மகன் ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதினார்: "கடலும் இல்லை, பால்கனியும் இல்லை. அம்மாவை வீணாகப் படியேற வைத்தோம்." ஒவ்வொரு எழுத்தும் உண்மை. அடுத்த சில வாரங்களில் நான் வாங்கியவற்றில் பாதிக்கு மேல் தாமாகவே மறைந்தன. அவற்றோடு, மெய்யாகவே தங்கிப் போனவர்கள் எழுதிய இரண்டும் போயின.

எழுதுகிற கை யாருடையது?

இந்த நேரத்தில்தான் அக்கா மகள் அழுதுகொண்டே வந்தாள். கல்லூரியில் படிக்கிறாள். வீட்டிலிருந்தே பார்ட் டைம் வேலை என்று அவளுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வந்திருக்கிறது. மேப்பில் ஒரு ஓட்டலுக்கு அஞ்சு ஸ்டார் போட்டு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினால் 150 ரூபாய். மூன்று ஓட்டலுக்குப் போட்டாள். 450 ரூபாய் உடனே வந்துவிட்டது. பிறகு ஒரு குரூப்பில் சேர்த்தார்கள். 1,000 கட்டினால் 1,300 என்றார்கள், அதுவும் வந்தது. அடுத்து 8,000 கட்டினாள். அதை எடுக்க இன்னும் 15,000 கட்டச் சொன்னார்கள். சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்து புகார் கொடுத்தோம். பணம் இதுவரை திரும்பவில்லை.

"எந்த ஓட்டலுக்குடி போட்ட?" என்று கேட்டேன். "மூணாறுல ஒண்ணு, கோவால ரெண்டு. நான் எங்க சித்தி பார்த்தேன்?" என்றாள். என் மாடியில் கடலைப் பார்த்தவரும் இப்படி எங்கோ உட்கார்ந்து 150 ரூபாய்க்காக எழுதியவராகத்தான் இருப்பார் என்று அப்போது பட்டது. ரிவ்யூ என்பது சாட்சி. அவள் பொய்ச்சாட்சி சொன்னாள். நான் பொய்ச்சாட்சியை விலைக்கு வாங்கினேன். இந்த வகை மோசடி நாடு முழுக்கப் பரவியதால், பார்ட் டைம் வேலை என்ற பெயரில் ஏமாற்றிய 100-க்கும் மேற்பட்ட இணையதளங்களை 2023 டிசம்பரில் மத்திய அரசு முடக்கியது.

ஏன் இந்தச் சந்தை?

நட்சத்திரத்தை விலைக்கு வாங்கும் ஆசைக்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் ஹார்வர்டு ஆய்வாளர் மைக்கேல் லூக்கா 2011-இல் வெளியிட்ட ஆய்வில், யெல்ப் என்ற ரிவ்யூ தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால், தொடர் நிறுவனத்தைச் சேராத தனி உணவகத்தின் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுவதாகக் கண்டார். 2017-இல் ஊபா பட்லர் என்ற பத்திரிகையாளர், லண்டனில் தன் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று பதிவு செய்து, நண்பர்களைப் பொய் ரிவ்யூ எழுதச் சொன்னார். ஒரு தட்டுச் சாப்பாடு கூடப் பரிமாறாத அந்தக் கொட்டகை, டிரிப்அட்வைசர் தளத்தில் லண்டன் உணவகங்களில் முதலிடத்துக்கு வந்தது.

இப்படிப்பட்ட பொய் ரிவ்யூக்களைத் தடுக்க, இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்ற தரவிதியைக் கொண்டுவந்தது. காசு கொடுத்து வாங்கிய ரிவ்யூவையும், அதற்கென்றே ஆள் வைத்து எழுதியதையும் வெளியிடக் கூடாது என்கிறது அது. விருப்பத்தின் பேரில் பின்பற்றும் விதியாகத்தான் அறிமுகமானது. ஆகவே பாதிப் பொறுப்பு நம் கையில்தான்.

கடை வைத்திருப்பவர்களுக்கு

1. வாங்கியிருந்தால் நீங்களே நீக்க முயலுங்கள். நான் வாங்கியவற்றில் மிச்சமிருந்தவற்றை நானே ரிப்போர்ட் செய்தேன். நட்சத்திரம் இறங்கியது. தூக்கம் வந்தது.

2. கணக்கு முடித்துக் கிளம்பும்போது, "இங்க எப்படி இருந்துதோ அப்படியே எழுதுங்க" என்று கேளுங்கள். "அஞ்சு ஸ்டார் போடுங்க, நூறு ரூபாய் குறைச்சுக்கறேன்" என்றால் அதுவும் விலைக்கு வாங்கியதுதான்.

3. குறை எழுதியவரோடு சண்டை போடாமல், செய்த வேலையைச் சொல்லிப் பதில் எழுதுங்கள். தண்ணீர் வேகம் போதவில்லை என்று ஒருவர் எழுதினார். மோட்டாரை மாற்றிவிட்டு, எந்தத் தேதியில் மாற்றினேன் என்று பதில் போட்டேன். அதைப் படித்துவிட்டு வந்தேன் என்று சொன்னவர்கள் உண்டு.

அறை, கடை, டாக்டர் தேடுகிறவர்களுக்கு

1. மூன்று நட்சத்திர ரிவ்யூக்களை முதலில் படியுங்கள். அதிகப் பாசமும் அதிகக் கோபமும் இல்லாதவர்கள் நல்லதையும் கெட்டதையும் சேர்த்துச் சொல்வார்கள்.

2. தேதியைப் பாருங்கள். ஒரு வருடம் சும்மா கிடந்த இடத்துக்கு ஒரே வாரத்தில் இருபது பாராட்டு வந்தால், அது காசு பேசுகிற பேச்சாக இருக்கலாம்.

3. எழுதியவரின் பெயரைத் தொட்டு, வேறு எங்கெல்லாம் எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். ஒரே நாளில் மூணாறு ஓட்டல், டெல்லி பல் ஆஸ்பத்திரி, புதுச்சேரி அறை என்று இருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

4. நேரில் போனவருக்கு மட்டுமே தெரிகிற சின்ன விவரத்தைத் தேடுங்கள். குழாயில் உப்புத்தண்ணி, குறுகலான படி, விடியற்காலை மார்க்கெட் சத்தம் போன்றவை. 'சூப்பர்', 'அருமை', 'பெஸ்ட்' எல்லாம் அங்கே போகாமலே எழுத முடியும்.

5. உங்களுக்கு முக்கியமான ஒன்றை, போனில் நேராகக் கேளுங்கள். பதில் சொல்கிற விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

6. நட்சத்திரம் போடக் காசு தருகிறேன் என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பணம் போயிருந்தால் ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். பொருள், சேவை தொடர்பான ஏமாற்று என்றால் நுகர்வோர் உதவி எண் 1915.

அந்த ஒற்றை நட்சத்திர ரிவ்யூ இன்னும் இருக்கிறது. அதன் கீழே, தவறு என்னுடையது என்று எழுதி மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அறை பற்றிய குறிப்பை மாற்றி எழுதினேன்: "கடல் தெரியாது. சோலை நகர் கடற்கரைக்கு ஆட்டோவில் போகலாம். டிபன் கிடையாது. மாடிக்கு 18 படி, ஒரு பக்கம் கைப்பிடி."

போன மாதம் சேலத்திலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். "படி எத்தனைன்னு போட்டிருக்கீங்களே, எங்க வீட்டுக்காரம்மாவால அவ்வளவு ஏற முடியாதும்மா. பக்கத்துல கீழ்த்தளத்துல யாராவது அறை விடறாங்களா?" என்று கேட்டார். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டின் எண்ணைக் கொடுத்தேன். இரண்டு நாள் தங்கிவிட்டு ஊருக்குக் கிளம்பும்போது, இருவரும் எங்கள் வாசலில் வந்து நின்று சொல்லிவிட்டுப் போனார்கள்.