தாத்தா, சாப்பிடுங்க

எங்கள் வீட்டில் சோற்றில் கை வைப்பதற்கு முன்னால் பிள்ளைகள் பெரியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டும். “தாத்தா, சாப்பிடுங்க. ஆயா, சாப்பிடுங்க. அப்பா, சாப்பிடுங்க.” வயதில் மூத்தவரிடம் தொடங்கி வரிசையாக வரும். பெரியவர்கள் “ம், சாப்பிடு” என்ற பிறகுதான் கை தட்டுக்குப் போகும். இதைப் பார்க்கிற உறவுக்காரர்கள் “பிள்ளைங்கள நல்லா வளத்திருக்கீங்க” என்று என் மாமியாரைப் பாராட்டிவிட்டுப் போகிறார்கள். வழக்கம் ஆ மாவுடையது. சிங்கப்பூரில், தோ பாயோ அடுக்குமாடியில், எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த சீனப் பாட்டி.

அப்பா சங்கராபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர். நான் பிறந்து வளர்ந்தது அங்கேதான். அம்மாவும் வேலைக்குப் போனதால் பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய் நிற்கிற இடம் ஆ மா வீட்டு வாசல். அவருடைய பேரப்பிள்ளைகளோடு வட்ட மேசையில் உட்கார்ந்து நானும் “ஆ மா, ஜியா” என்பேன். அவர்கள் பேசிய ஹொக்கியன் என்ற சீன மொழியில் எனக்கு நன்றாக வந்த வாக்கியம் அது ஒன்றுதான். நான் மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று எனக்கு மட்டும் முட்டை பொரிக்க நீலக் கைப்பிடி போட்ட சின்னச் சட்டி ஒன்றைத் தனியாக வைத்திருந்தார். அந்தச் சட்டியில் வேறு எதையும் சமைக்க விடமாட்டார்.

கல்யாணமாகிக் கச்சிராயபாளையத்துக்கு வந்தேன். கணவருக்கு மேலே வெள்ளிமலையில் வேலை. எங்கள் வீடு கல்வராயன் மலை அடிவாரத்தில். 2019-ல் மகள் பிறந்தாள், 2022-ல் மகன். பிள்ளைகள் வந்த பிறகுதான் ஆ மா வீட்டு நினைவுகள் என்னைப் பிடித்து ஆட்ட ஆரம்பித்தன. எனக்குக் கிடைத்ததில் கொஞ்சமாவது இவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்ற தவிப்பு. அப்படிக் கொண்டுவந்ததில் எது இந்த வீட்டில் வேர் பிடித்தது, எதைப் பிடிக்க வைக்க முடியவில்லை என்பதை, வெளிநாட்டில் பிள்ளைப் பருவத்தைக் கழித்துவிட்டு ஊர் திரும்பிய தாய்மார்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் தெரிந்துகொண்டது இது: அயல் வழக்கத்துக்கென்று புதிதாக ஒரு நாளை உண்டாக்கினால் அது நிற்காது. ஊரில் ஏற்கெனவே இருக்கிற ஒரு நாளின் பக்கத்தில் அதை உட்கார வைக்க வேண்டும்.

மூன்கேக் பண்டிகையை எடுத்துக்கொள்ளுங்கள். சீன நாட்காட்டியில் எட்டாம் மாதப் பௌர்ணமி. சிங்கப்பூரில் அன்று இரவு பிள்ளைகள் எல்லாம் கையில் காகித விளக்கோடு அடுக்குமாடிக்குக் கீழே சுற்றுவோம். மீன், சேவல், முயல் என்று வண்ணத் தாள் ஒட்டிய விளக்குகள். ஆனால் அந்தப் பௌர்ணமி 2024-ல் செப்டம்பர் 17, 2025-ல் அக்டோபர் 6. இரண்டுமே புரட்டாசி. மாமியார் முட்டையைக்கூட வீட்டுக்குள் விடாத மாதம். பண்டிகைப் பலகாரமான மூன்கேக்குக்குள்ளோ உப்பில் ஊறிய முட்டைக் கரு இருக்கும், பல வகைகளில் பன்றிக் கொழுப்பும் சேரும். மழை வேறு, காலாண்டுத் தேர்வு வேறு. அந்த நாளுக்கு இந்த வீட்டில் இடமே இல்லை.

அதனால் விளக்கைக் கார்த்திகைக்கு மாற்றிவிட்டேன். அதுவும் பௌர்ணமியை ஒட்டி வருவதுதான். எங்கள் பக்கம் கார்த்திகை என்றால் பிள்ளைகளுக்கு மாவளி. பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, பொடித்து, துணியில் இறுக்கிக் கட்டி, பிளந்த பனைமட்டைகளுக்கு நடுவில் வைத்து, கயிறு கட்டி, நெருப்பு வைத்துத் தலைக்கு மேலே சுழற்றுவார்கள். பூப்பூவாகப் பொறி கொட்டும். பெரிய பையன்கள் மாவளி சுற்றும்போது சின்னதுகள் கிட்டே ஓடும். அதுதான் ஆபத்து. இப்போது ஐந்து வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகள் கையில் மூங்கில் குச்சியில் தொங்கும் காகித முயல், உள்ளே சின்ன பேட்டரி விளக்கு. தங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று அவை வாசலில் அகல் விளக்குகளைச் சுற்றியே நிற்கின்றன. தெருப் பிள்ளைகளும் கேட்டார்கள், செய்து கொடுத்தேன். மாவளி சுற்றுகிற வீட்டார் பருத்தித் துணி போட்டுவிடுங்கள், வைக்கோல் போர் இல்லாத இடமாகப் பாருங்கள், ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வையுங்கள்.

ஆழமாக வேர் பிடித்தது டோங்ஜி. டிசம்பர் 21 அல்லது 22, வருடத்தின் மிக நீண்ட இரவு. சீனக் குடும்பங்கள் அன்று தாங் யுவென் செய்வார்கள். ஒட்டும் அரிசி மாவில் வெள்ளையும் சிவப்புமாக உருண்டை பிடித்து, இஞ்சி தட்டிப் போட்ட சர்க்கரைத் தண்ணீரில் மிதக்க விடுவது. வீட்டில் எல்லோரும் சேர்ந்து உருட்ட வேண்டும். சாப்பிட்டால் ஒரு வயது கூடிவிட்டது என்று கணக்கு.

இதை நான் முதலில் விவரித்தபோது மாமியார் கேட்டது, “ஏம்மா, இது பால் கொழுக்கட்டைதானே? பாலுக்குப் பதிலா இஞ்சித் தண்ணி, அவ்ளோதானே?” அவ்வளவேதான். அன்றைக்கே அந்த வழக்கம் என் கையை விட்டு அவர் கைக்குப் போய்விட்டது. மார்கழி ஆறாம் தேதியோ ஏழாம் தேதியோ வரும், மலைக்காற்று இறங்கி உடம்பு நடுங்குகிற நேரம், இஞ்சி எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது.

செய்கிறவர்களுக்குச் சில விவரங்கள். ஒட்டும் அரிசி மாவு கள்ளக்குறிச்சிக் கடைகளில் எனக்குக் கிடைக்கவில்லை. பச்சரிசி மாவே போதும். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்தால்தான் உருண்டை விரியாமல் வரும். சிவப்புக்குப் பீட்ரூட் சாறு. உருண்டையைத் தனியாகத் தண்ணீரில் வேகவைத்து, மேலே மிதந்து வந்ததும் அரித்தெடுத்துப் பாகில் போடுங்கள். பாகிலேயே வேகவைத்தால் மாவு கரைந்து கஞ்சியாகிவிடும். கரும்பு விளைகிற மாவட்டம், வெல்லத்துக்குப் பஞ்சமில்லை. கரைத்து, மண் போக வடிகட்டி, நசுக்கிய இஞ்சியோடு நன்றாகக் கொதிக்க விடுங்கள். கணவர் மலையிலிருந்து தினை மாவு கொண்டுவந்தபோது அதையும் சேர்த்துப் பார்த்தோம். கால் பங்குக்கு மேல் போனால் உருண்டை உடைகிறது. பெரிய பிள்ளைகளுக்கு உள்ளே எள்ளும் வெல்லமும் இடித்து வைக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு முழு உருண்டை வேண்டவே வேண்டாம், தொண்டையில் அடைக்கும். சுண்டைக்காயை விடச் சிறிதாக உருட்டுங்கள், பெரிதானால் நறுக்குங்கள், உட்கார வைத்து ஊட்டுங்கள். சிங்கப்பூரிலிருந்து யாராவது ஒட்டும் அரிசி மாவே கொண்டுவந்து கொடுத்தால் இன்னும் கவனம் வேண்டும், அது பச்சரிசியை விட நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

உருட்டும்போது பிள்ளைகளைத் திருத்தாதீர்கள். என் மகன் உருட்டுவது உருண்டையாகவே இருக்காது, விரல் தடம் பதிந்த மாவுத் துண்டுதான். ஆனால் பாத்திரத்தில் மிதக்கும்போது “இது என்னுது” என்று அவனுக்கு அடையாளம் தெரிகிறது. அக்காவை விடப் பெரியவனாகிவிடலாம் என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சாப்பிடுகிறான். சீனப் பண்டிகை பற்றி நான் உட்கார வைத்து ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தால் எழுந்து ஓடுகிற வயது. கையில் மாவு இருக்கும்போது அவர்களே கேட்கிறார்கள்: “ஆ மா யாரு? அவங்க வீட்ல டிவி இருந்துச்சா?”

அங்பாவ் என்கிற சிவப்புக் கவர் காணும் பொங்கலோடு சேர்ந்துகொண்டது. பெரியவர்கள் காலில் விழுந்து காசு வாங்குகிற நாள் நமக்கும் இருக்கிறதே. சிங்கப்பூரிலும் இது இனம் தாண்டிய வழக்கமாகிவிட்டது. மலாய்க்காரர்கள் நோன்புப் பெருநாளுக்குப் பச்சைக் கவரில் கொடுக்கிறார்கள், தமிழர்கள் தீபாவளிக்கு ஊதா நிறக் கவரில். எங்கள் வீட்டில் சிக்கல் தொகையில்தான் வந்தது. சீனர்கள் இரட்டைப்படையில் கொடுப்பார்கள், நான்கை மட்டும் தவிர்ப்பார்கள். மாமாவுக்கோ, அதாவது என் மாமனாருக்கு, ஒரு ரூபாய் சேர்த்து வைக்காமல் மொய் எழுதியே பழக்கமில்லை. முடிவில் அவரே வழி கண்டுபிடித்தார். கவருக்குள் இரண்டு புதுப் பத்து ரூபாய் நோட்டு, கவரைக் கொடுத்த பிறகு உள்ளங்கையில் தனியாக ஒரு ரூபாய் நாணயம். ஆ மா சொல்லிக் கொடுத்த இரண்டு ஒழுங்கை மட்டும் நான் விடவில்லை. இரண்டு கையால் வாங்க வேண்டும். கொடுத்தவர் முன்னால் பிரித்துப் பார்க்கக் கூடாது. இந்த இரண்டும் பிறந்தநாள் பரிசுக்கும் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைக்கும் அப்படியே பொருந்துகின்றன. சேர்ந்த காசு மகளுக்கு அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்குக்குப் போகிறது. பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும், வருடத்துக்கு 250 ரூபாய் கட்டினாலே கணக்கு உயிரோடு இருக்கும்.

சீனப் புத்தாண்டு எப்போதும் பொங்கல் முடிந்த பிறகுதான் வரும். 2026-ல் பிப்ரவரி 17. அதற்குள் மணலூர்ப்பேட்டை ஆற்றுத் திருவிழாவும் போய், வாங்கி வந்த சுருளிக் கிழங்கும் தீர்ந்து, வீடு அலுத்துப் போயிருக்கும். அன்று இரண்டு கமலா ஆரஞ்சைத் தட்டில் வைத்துப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவேன், அவ்வளவுதான். அவர்கள் அந்தத் தட்டை வெறுமனே திருப்பித் தருவதில்லை. ஆ மாவும் எங்கள் தீபாவளி முறுக்கு டப்பாவை வெறுமனே தந்ததில்லை.

பன்னிரண்டு விலங்குகள் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இதில் கவனம் தேவை. ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு விலங்கு: எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி. என் மகன் புலி. மகள் பன்றி. மாமா 1958, நாய். நம் ஊரில் ஒருவரைப் பார்த்து நாய், பன்றி என்று சொல்வது என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே விலங்கின் பெயரை முதலில் சொல்லாதீர்கள், கதையைச் சொல்லுங்கள். விண்ணுலக அரசர் ஓட்டப்பந்தயம் வைக்கிறார். எலி எருதின் முதுகில் ஏறி ஆற்றைக் கடந்து, கரை வந்ததும் குதித்து முதலிடம் பிடிக்கிறது. பன்றி நிதானமாகச் சாப்பிட்டு, தூங்கி, கடைசியாக வந்தாலும் அதற்கும் ஒரு வருடம் கிடைக்கிறது. சீனர்களுக்குப் பன்றி வளமையின் அடையாளம். இதையெல்லாம் கேட்ட பிறகு என் மகள் தானாகவே தன் வருடத்தைச் சொந்தமாக்கிக்கொண்டாள்.

மாமாவை இழுத்தது வேறு. பிரபவ முதல் அட்சய வரை அறுபது வருடப் பெயரையும் மூச்சு விடாமல் சொல்பவர். சீனர்களுக்கும் பன்னிரண்டு விலங்கும் ஐந்து மூலப்பொருளும் சேர்ந்து அறுபது வருடச் சுற்று என்று சொன்னதும் காகிதம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் பிறந்த 1958 நமக்கு விளம்பி, அவர்களுக்கு மண் நாய். அவருக்கு அறுபதாம் கல்யாணம் நடந்த 2018-ல் விளம்பியும் திரும்பி வந்தது, மண் நாயும் திரும்பி வந்தது. இப்போது சாயங்காலங்களில் அவர் தமிழ் வருடத்தைச் சொல்ல, பேத்தி விலங்கைச் சொல்லிக்கொண்டே வருகிறாள்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. 2020-ல் கொரோனா வந்தபோது “சீனாக்காரன்” என்ற சொல்லை எத்தனை வெறுப்போடு சுற்றிலும் சொன்னார்கள் என்பது நினைவிருக்கும். எனக்கு முட்டை பொரித்துப் போட்ட கை அந்தச் சொல்லுக்குள் இருந்தது. என் பிள்ளைகள் அதை வசவாகக் கற்றுக்கொள்ளக் கூடாது, அதற்கு முன்னாலேயே அவர்களுக்கு அங்கே ஒரு பாட்டி இருக்க வேண்டும் என்று விரும்பினேன். சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் குவான் இம் கோயிலும் கிருஷ்ணன் கோயிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. குவான் இம்மை வணங்கிவிட்டு வருகிற சீனர்கள் அப்படியே கிருஷ்ணனுக்கும் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுவதைச் சிறுவயதிலிருந்து பார்த்தவள் நான். அதற்கும் வெகுகாலம் முன்பு, 1281-ல், சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் தமிழர்கள் சிவன் கோயில் எழுப்பித் தமிழில் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். அங்கேயும் யாரோ ஒரு தமிழ்த் தாய் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியிடம் பிள்ளையை விட்டுப் போயிருப்பாள் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

எல்லாவற்றையும் கொண்டுவரத் தேவையில்லை. ஏழாம் மாதத்தில் ஆவிகளுக்குக் காகிதப் பணம் எரிப்பது, சிங்கமுக ஆட்டம், புத்தாண்டு அன்று வீடு கூட்டாமல் இருப்பது, இவற்றை நான் கதையாக மட்டும் சொல்கிறேன். கூட்டாமல் இருப்பதை மாமியாரிடம் சொல்லிப் பார்க்கவே மனம் வரவில்லை. பிள்ளைகளுக்குச் சீன உடை மாட்டிப் படம் எடுப்பதையும் தவிர்க்கிறேன், அது வேடமாகிவிடும். தினமும் நடக்கிற ஒன்றுக்கு வருடத்தில் ஒருமுறை நடக்கிற பத்தை விட பலம் அதிகம். ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால் சாப்பாட்டு அழைப்பைத் தொடங்குங்கள். செலவு இல்லை, பொருள் வேண்டாம், மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு வாரத்தில் வந்துவிடும். ஆள் ஊரில் இல்லாவிட்டாலும் பெயரை விடாதீர்கள். அப்பா மலையில் தங்கிவிடும் நாட்களில் என் பிள்ளைகள் சில சமயம் போனில் கூப்பிட்டுச் சொல்கிறார்கள், சில சமயம் மலைப் பக்கம் திரும்பிச் சொல்கிறார்கள்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் சிங்கப்பூரில் ஆள் இல்லாத தெரு குறைவு. உங்கள் வீட்டு ஆள் விடுமுறைக்கு வரும்போது மூன்கேக் வாங்கி வரச் சொல்லாதீர்கள். சீக்கிரம் கெட்டுவிடும், விலையும் அதிகம். ஒரு கட்டு சிவப்புக் கவரும் மடக்கி வைக்கக்கூடிய காகித விளக்கு ஒன்றிரண்டும் கேளுங்கள், பெட்டியில் இடமே பிடிக்காது. கூடவே, அங்கே அவரோடு வேலை செய்கிற சீனத் தோழரிடம் அவர் வீட்டில் பிள்ளைகள் பெரியவர்களைச் சாப்பிட எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டு, அவர் குரலிலேயே போனில் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள்.