புறப்படுமுன் சொல்ல வேண்டியது

தோட்டத்தில் லோரியோ டிராக்டரோ ஓட்டுபவரைப் பெரும்பாலும் விபத்து நேர்ந்த பிறகே விசாரிக்கிறோம். பிரேக் சரியாக இருந்ததா, வேகம் எவ்வளவு என்று அப்போது பலரும் கேட்கின்றனர். அதே கேள்விகளைப் பெரட்டு முடிந்தவுடன், வண்டி நகருமுன் கேட்டுக்கொள்வது எவ்வாறு என்பதே இப்பாடம்.

இருள் பிரியுமுன் வண்டியை ஒருமுறை சுற்றிவரச் சில நிமிடங்கள் போதும். டயர், விளக்கு ஆகியவற்றைப் பார்த்து, பிரேக்கை மிதித்துச் சோதித்தல் வேண்டும். டிராக்டராயின், டிரெய்லரை இணைக்கும் ஆணி கழன்றுவிடாதபடி பூட்டப்பட்டுள்ளதா என்று கையால் தொட்டே பார்க்க வேண்டும்.

பால் ஏற்றிவரும்போது வேறோர் ஆபத்து. பால் உறைந்துவிடுமே என்னும் அச்சம் ஓட்டுநரை விரட்டுகிறது. உறைதலைத் தாமதப்படுத்தவே அமோனியா கலக்கிறோம். ஆகவே, மழையில் வழுக்கும் செம்மண் சாலையில் விரைய வேண்டியதில்லை. அரைகுறையாக நிரம்பிய தொட்டியை இலேசான சுமை என்று எண்ணுவதும் தவறு. வளைவில் பால் ஒரு பக்கமாக மோதி, வண்டியையும் அப்பக்கமே சாய்க்கும். டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணி, இறக்கத்தில் கியரை விடுவித்து உருட்டுவோரும் உளர். அப்போது இஞ்சினின் பிடி போய், சுமை முழுவதும் பிரேக்கின்மேல் விழுகிறது. மிகையாகச் சூடேறிய பிரேக் பிடிப்பதில்லை. மேட்டின் உச்சியிலேயே தாழ்ந்த கியருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இவற்றை ஓட்டுநர்கள் அறியாதவர்கள் அல்லர். அறிந்ததைச் சொல்லத் தயங்குவதே பெருங்குறை. "பிரேக் சரியில்லை, இன்று ஆள் ஏற்ற இயலாது" என்று கூறினால் வேலைக்குக் கள்ளன் என்பார்களோ, அன்றைய சம்பளம் போய்விடுமோ என்று அஞ்சுகின்றனர். ஆனால் பின்னால் அமர்ந்து வருவோர் அவருடைய அண்டை வீட்டார். சில வேளைகளில் அவருடைய மனைவியே.

இத்தகையோருக்குச் சட்டம் துணை நிற்கிறது. பாதுகாப்புக் குறையைப் புகார் செய்ததற்காகத் தொழிலாளியை வேலையிலிருந்து நீக்குவதை மலேசியாவின் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தடை செய்கிறது. 2024 ஜூன் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த திருத்தம் மேலும் ஒரு படி செல்கிறது. உடனடி ஆபத்து உண்டென்று நியாயமான காரணத்தோடு நம்பும் தொழிலாளி அதனை முதலாளியிடம் தெரிவித்தும், அவர் நடவடிக்கை எடுக்காவிடில், அவ்வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். முதலில் தெரிவித்தாக வேண்டும் என்பதைக் கவனிக்க.

மண்டோர்களுக்கும் ஒரு சொல். குறையைச் சொன்னவரைப் பலர் முன்னிலையில் கடிந்துகொண்டால், மறுநாள் எவரும் வாய் திறவார். நேற்று வளைவில் சறுக்கி மயிரிழையில் தப்பிய செய்தியும் உங்கள் காதுக்கு எட்டாது.

வாயால் சொன்னது மறக்கப்படலாம். தேதி, வண்டி எண், கண்ட குறை, யாரிடம் கூறப்பட்டது ஆகியவற்றை ஒரு பள்ளி நோட்டில் எழுதி, கிராணியிடம் கையொப்பம் பெற்று, நோட்டை ஓட்டுநர் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம்.