பழைய ஐசி பையைத் தூக்கிப் போடாதே, கண்ணு

உக்கடம் பழைய சாமான் கடையிலோ, மில்லில் கழித்துப் போட்ட மெஷின் போர்டிலோ கை நிறைய பழைய ஐசி கிடைத்ததா? ஒவ்வொன்றும் என்ன வேலை செய்யும் என்று தேடுவதற்கு முன்னால் இரண்டு டப்பா எடு. 74 என்று தொடங்குவது ஒன்றில், 40, 45 என்று தொடங்குவது இன்னொன்றில். 74, டிடிஎல் வகை. அதற்குச் சரியாக 5 வோல்ட் வேண்டும். 40 வகை சிமாஸ். 3 முதல் 15 வோல்ட் வரை தாங்கும். சிமாஸுக்குக் கையில் இருக்கும் ஸ்டேட்டிக்கே எமன். வெறும் தெர்மாகோலில் குத்தி வைக்காதே, மேலே அலுமினிய ஃபாயிலைச் சுற்றிவிட்டுக் குத்து.

எண்ணைப் படிக்கும்போது ஒன்றைக் கவனி. மேல் வரியில் எஸ்என்7400என், கீழ் வரியில் 7432 என்று இருந்தால், அந்த 7432 ஐசி நம்பர் இல்லை. 1974-ம் வருஷம் 32-வது வாரம் செய்தது என்று அர்த்தம். 7432 என்று ஒரு ஆர் கேட் ஐசியும் இருப்பதால் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பின் கறுத்திருந்தால் பயப்படாதே. பழைய பின்களில் வெள்ளிப் பூச்சு உண்டு, காற்றுப்பட்டால் கறுக்கும். பென்சில் ரப்பரால் தேய்த்தால் போதும்.

இனி உபயோகம். எனக்கு ரொம்பப் பிடித்தது 4093. சிறுவாணித் தண்ணி வருகிற அன்றைக்கு மேல் டேங்க் நிரம்பி வழியாமல் இருக்க இதை வை. 14-வது பின்னுக்கு 9 வோல்ட் பேட்டரி பாசிட்டிவ், 7-க்கு நெகட்டிவ். 3-வது பின்னிலிருந்து 2-க்கு 100 கிலோ ஓம், 2-லிருந்து நெகட்டிவுக்கு 103 கெப்பாசிட்டர். 1-வது பின்னிலிருந்து நெகட்டிவுக்கு ஒரு மெகா ஓம். டேங்கின் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே இரண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ. ஒன்றுக்கு பாசிட்டிவ், இன்னொன்றிலிருந்து 100 கிலோ ஓம் வழியாக 1-வது பின். பீசோ தகட்டை 3-வது பின்னுக்கும் பாசிட்டிவுக்கும் நடுவே மாட்டு. தண்ணி இரண்டு ஸ்க்ரூவையும் தொட்டதும் கத்தும். சும்மா இருக்கும்போது கரண்ட் இழுப்பதே இல்லை என்று சொல்லலாம், அதனால் பேட்டரி மாசக் கணக்கில் வரும். 5, 6, 8, 9, 12, 13 ஆகிய பின்களை நெகட்டிவோடு சேர்க்க மறந்துவிடாதே. சிமாஸில் சும்மா தொங்கும் இன்புட் இருந்தால் ஐசி இஷ்டத்துக்கு ஆடும். தீர்மானிக்க வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் அதற்கு ஆர்டுயினோ எதற்கு?

74 டப்பாவுக்குப் பேட்டரி சரிப்படாது, ஒரு 7490 மட்டுமே சுமார் 30 மில்லி ஆம்ப் குடிக்கும். ஆனால் பழைய போன் சார்ஜர் 5 வோல்ட் கொடுக்கிறதே! 7490, 7447, காமன் ஆனோட் டிஸ்ப்ளே, செக்மென்ட்டுக்கு ஒரு 330 ஓம், இவ்வளவில் ஒரு கவுண்டர் வந்துவிடும். 7490-ல் பவர் மூலையில் வராது: 5-வது பின் பாசிட்டிவ், 10 கிரவுண்ட். 2, 3, 6, 7 நான்கையும் கிரவுண்டில் போட்டு, 12-ஐ 1-டன் சேர்த்து, 14-ல் பல்ஸ் கொடு. சாதா பட்டன் ஒரு அமுக்கலுக்கு நாலு எண்ணும். அதைத் தடுக்க 7400-ன் இரண்டு கேட்டில் ஒரு லாட்ச் போட்டு, இருவழி ஸ்விட்ச் மாட்டு. பாலிடெக்னிக் பாடத்தில் ஃபிளிப்-ஃபிளாப் புரியாதவனுக்குக்கூட இது புரிந்துவிடும். ஒவ்வொரு ஐசியின் பவர் பின்னுக்கும் பக்கத்தில் ஒரு 104 கெப்பாசிட்டர் கட்டாயம்.

இரண்டு டப்பாவையும் ஒரே போர்டில் கலக்காமல் இருப்பது நல்லது. பழைய 74-ன் ஒரு இன்புட்டைக் கீழே இழுக்க 1.6 மில்லி ஆம்ப் வேண்டும். 40 வகைக்கு 5 வோல்ட்டில் அந்தத் தெம்பு கிடையாது.

வெள்ளை செராமிக் உடம்போடு 54 என்று தொடங்குவது கிடைத்தால் தனியாக எடுத்து வை, அது மிலிட்டரி ரகம். 4093-க்கு மட்டும் பழசு என்று யாராவது கூடுதல் விலை சொன்னால் கொடுக்காதே, அது இன்னும் புதிதாகவே கிடைக்கிறது.

இன்னொன்று, கண்ணு. இந்த டேங்க் அலாரத்தைத் தோட்டத்து த்ரீ ஃபேஸ் ஸ்டார்டரோடு நீயாகக் கோக்காதே. மோட்டார் தானாக நிற்க வேண்டும் என்றால் ரிலே, கான்டாக்டர் வேலையை எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டு, மெயினை ஆஃப் பண்ணிவிட்டுச் செய்யச் சொல்லு.