எக்செல் சதம் தின்னாது

பலெர்மோவில் நம் ஆட்கள் கூடும் இடமெல்லாம் இந்தக் கதைதான்: "எக்செல் கூட்டேக்க சதம் தின்னும். கல்குலேட்டரில ஒருக்காப் போட்டுப் பாக்காமல் நம்பாதேங்கோ." பல்லரோ சந்தையில் கேட்டேன், கோயில் வாசலில் கேட்டேன், தமிழ்ப் பள்ளிக் கூட்டத்திலும் கேட்டாயிற்று. கணக்கு எழுதுவது என் தொழில். பொறுமை போய்விட்டது.

களவுக்குச் சாட்சியாகக் காட்டுவது பெரும்பாலும் இப்படியொரு கணக்கு. சாந்தா ரொசாலியாவைக் கும்பிட மொந்தே பெல்லெக்ரீனோ மலைக்குப் போக, மூன்று குடும்பம் சேர்ந்து 200 யூரோவுக்கு வான் பிடிக்கிறது. மூன்றாகப் பிரித்த செல் ஒவ்வொன்றிலும் 66,67 தெரிகிறது. அடியில் கூட்டுத்தொகை 200,00. கல்குலேட்டரில் 66,67-ஐ மூன்று தரம் கூட்டினால் 200,01. உடனே, "பாத்தீங்களே, ஒரு சதத்தைக் காணேல்லை!"

எங்கே போனது? எங்கும் போகவில்லை, இருந்தால்தானே போவதற்கு! செல்லுக்குள் இருப்பது 66,666666 என்று நீளும் எண். 'வலூத்தா' என்ற நாணய வடிவத்தைத் தெரிந்தெடுத்து, இரண்டு தசமம் மட்டும் காட்டு என்று சொன்னவர் நீங்கள். அது காட்டுகிறது, அவ்வளவுதான். கூட்டும்போது உள்ளே இருப்பதைத்தான் கூட்டும். தசம இடங்களை ஆறாக்கிப் பாருங்கள், 66,666667 என்று வரும். இல்லாத சதத்தை உண்டாக்கியது உங்கள் கல்குலேட்டர். இதே மாதிரி 30 வரி சேர்ந்தால் வித்தியாசம் 10 சதம். அதற்குப் பொருளாளரைச் சந்தேகப்பட்டு முகம் திருப்பிக்கொள்கிறோம்.

கையில் வாங்குவது முழுச் சதம்தான் என்றால், வகுத்தலை 'அர்ரொத்தொந்தா' என்ற ஃபங்ஷனுக்குள் போட்டு, அரைப்புள்ளி வைத்து, 2 என்று எழுதுங்கள். அப்போது எக்செலும் 200,01 என்றே சொல்லும். அந்த ஒரு சதத்தை எந்தக் குடும்பம் குறைத்துத் தருவது என்பதை நீங்களே பேசி முடியுங்கள்.

காசு நிஜமாகத் தொலைவது வேறு இடத்தில். இத்தாலிய அமைப்பில் தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்துக்குப் புள்ளி. ஊர்ப் பழக்கத்தில் 12.50 என்று அடித்தால் அது எண்ணாகவே ஏறாது, எழுத்தாகச் செல்லின் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும். கூட்டித் தரும் 'சொம்மா' ஃபங்ஷன் அதைத் தாண்டிப் போய்விடும். 1.250 என்று அடித்தாலோ ஆயிரத்து இருநூற்று ஐம்பது! இடப்பக்கம் ஒட்டிய தொகையைத் தேடுங்கள், பாதி வழக்குத் தீரும்.

மற்றக் கதைகளுக்கு இவ்வளவு மூச்சு வேண்டாம். இலக்கத்தின் முன்னால் இருந்த பூச்சியம் போனபின் செல்லை 'தெஸ்தோ' என்ற எழுத்து வடிவத்துக்கு மாற்றினால் திரும்பி வராது. 091-இல் தொடங்கும் பலெர்மோ எண்களைப் போடுமுன்பே மாற்றியிருக்க வேண்டும். 16 இலக்க அட்டை எண்ணை வெறும் எண்ணாக அடித்தால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும், ஏனென்றால் எக்செல் வைத்திருப்பது 15 இலக்கம்தான். 1 என்று போட்டு மூலையைப் பிடித்து இழுத்தால் 2, 3 வராது, 1 தான் நிரம்பும். லிப்ரே ஆபீஸில் வரும். கடன்காரருக்குச் சிவப்பு அடித்துவிட்டால் சிவப்பை மட்டும் 'சொம்மா' கூட்டித் தராது. 'கடன்' என்று தனி நிரல் வையுங்கள்.

இனி என் வயிற்றெரிச்சல். சங்கங்களின் பழைய பெயர்ப் பட்டியல்கள் இன்னும் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. செல்லுக்குள் இருப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். பாமினி அதற்குத் தமிழ் வேஷம் கட்டுகிறது. யாராவது ஏரியலுக்கு மாற்றினால் அப்பையா அம்மையா எல்லோரும் குப்பையாகிவிடுவார்கள். அகர வரிசையில் அடுக்கவும் முடியாது. யூனிகோடில் தமிழ் 1991-லேயே வந்துவிட்டது. பட்டியலை இந்த மாதமே மாற்றுங்கள். இனியும் பாமினியில் புதுப் பட்டியல் தொடங்குகிறவரிடம் கணக்குப் பொறுப்பைக் கொடுக்காதீர்கள்.