துறுதுறு பிள்ளையின் மூளையில் என்ன நடக்கிறது?

"பையன் ஒரு நிமிஷம்கூட உட்கார மாட்டேங்கிறான் டாக்டர். வல்லாரை கொடுத்தால் சரியாகுமா?" இப்படிக் கேட்டு வரும் தாய்மார்கள் அநேகம்.

எல்லா வால்தனமும் நோயல்ல. ஆனால் வீடு, பள்ளி இரண்டிலும் ஆறு மாதத்துக்கு மேல் கவனமின்மையும் பரபரப்பும் பிள்ளையைப் பாதித்தால், அது 'ஏ.டி.ஹெச்.டி.' எனும் கவனக்குறைவுக் கோளாறாக இருக்கலாம்.

'கொஞ்சம் பொறு' என்று நமக்கு பிரேக் போடுவது நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளை. 1990-ல் அமெரிக்காவில் ஆலன் ஜாமெட்கின் குழுவினர், சிறுவயது முதலே இக்கோளாறு உள்ள 25 பெரியவர்களுக்கு 'பெட் ஸ்கேன்' எடுத்தார்கள். கவனித்துக் கேட்கும் வேலை கொடுத்தபோது, அவர்கள் மூளை மற்றவர்களைவிடச் சுமார் 8 சதவீதம் குறைவாகவே குளுக்கோஸைச் செலவிட்டது. முன்மூளையின் சில பகுதிகளில் இந்தக் குறைவு அதிகம்.

2007-ல் இன்னொரு ஆய்வு. மூளையின் மேலுறை மற்ற பிள்ளைகளுக்குச் சராசரியாக ஏழரை வயதில் எட்டும் தடிமனை, இவர்களுக்குப் பத்தரை வயதில்தான் எட்டியது. ஆக, இது திமிர் அல்ல, முதிர்ச்சியில் தாமதம். அடித்தால் மூளை சீக்கிரம் வளர்ந்துவிடுமா?

அதற்காக ஸ்கேன் எடுக்க ஓடாதீர்கள். இவை பலரின் சராசரிக் கணக்குகள். ஒரு பிள்ளைக்கு நோய் உண்டா என்று ஸ்கேன் சொல்லாது. குழந்தை மனநல மருத்துவர் விசாரித்துத்தான் சொல்ல வேண்டும்.

வல்லாரைத் துவையல் ருசிக்குச் சாப்பிடட்டும். அதை நம்பி சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்.

வீட்டில் ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். முடித்ததும் உடனே பாராட்டுங்கள். அந்தப் பிஞ்சு மூளைக்கு அது பெரிய துணை.