ஒரே விளையின் கருப்பட்டி

பனையேற்றைக் கற்க வேண்டும், நல்ல கருப்பட்டி காய்ச்ச வேண்டும் என்று என்னிடம் வந்து கேட்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியிக்காவிளை வட்டாரத்தில் பனை இன்னும் நிற்கிறது. ஏற ஆள்தான் குறைந்துபோயிற்று.

1. ஒரு விளையைப் பிடித்துக்கொண்டு அதோடு நில்லுங்கள். ஐந்து இடத்தில் நாலு நாலு மரம் பாட்டத்துக்கு எடுப்பதைவிட ஒரே விளையில் இருபது மரம் மேல். மண்ணுக்கு மண் அக்கானியின், அதாவது பதநீரின், ருசி மாறும். கடலோர மணலில் நிற்கும் பனைக்கும் செம்மண் மேட்டில் நிற்கும் பனைக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு மிடறில் சொல்லிவிடலாம். ஐந்து விளை அக்கானியை ஒரே பாத்திரத்தில் ஊற்றினால் எதன் ருசியும் மிஞ்சாது. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பேருக்குப் பின்னால் இருப்பது தேரி மணலும், மழை குறைந்த வானமும், தலைமுறை தலைமுறையாக வந்த கைப்பழக்கமும். நம் விளைக்கும் அப்படி ஒரு ருசி உண்டு. அதைத் தனியாக வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

2. தண்ணீர் பாயாத, வயதான மரத்தைத் தேடுங்கள். வாழைக்குப் பாய்ச்சும் வாய்க்கால் ஓரத்துப் பனை நிறையச் சுரக்கலாம். ஆனால் என் நாக்குக்கு மானாவாரிப் பனையின் அக்கானியே கனமாகத் தெரிகிறது, மணமும் கூடுதல். வயதான கொடியை வைன் செய்கிறவர்களும் மதிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கில் 1843இல் நட்ட ஷிராஸ் கொடிகளிலிருந்து இன்றும் திராட்சை பறித்து, வேறு தோட்டத்துப் பழம் கலக்காமல் வைன் இறக்குகிறார்கள். பனை நூறு வயது தாண்டியும் நிற்கும். காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா அன்றே பனைவெல்லத்துக்காக வாதாடினார். கரும்புக்கு நல்ல நிலமும் நீரும் வேண்டும், பனைக்குத் தரிசு போதும், சர்க்கரையைப் பனையிலிருந்து எடுத்தால் கரும்பு நிலத்தில் நெல் விளையும் என்பது அவர் கணக்கு. எனக்கு அந்தக் கணக்கு இன்றும் சரியாகவே படுகிறது.

3. மழை நனைத்த மரத்தில் ஏறாதீர்கள். யார் என்ன சொன்னாலும் ஏறாதீர்கள். காலில் மாட்டும் தளைநாரைத் தினமும் இழுத்துப் பாருங்கள், ஏறுவதற்கு மரத்தில் சாய்க்கும் முருக்குத்தடியின் கவையை விரலால் தடவிப் பாருங்கள். உச்சிக்குப் போகுமுன் மட்டைக்குள் கதண்டுக் கூடு இருக்கிறதா என்று நின்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

4. பாளையை அவசரப்படுத்தாதீர்கள். ஆண்பனையின் அலகைக் கடிப்பு என்னும் இடுக்கியால் மெல்ல நசுக்கி, கட்டி, சில நாள் பழக்கிய பிறகுதான் சுரப்பு வரும். பிறகு காலையும் மாலையும் நுனியைச் சீவ வேண்டும். காகிதத் தடிமன் போதும். தடித்துச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும், சீசனின் பின்பாதியில் கலசம் வெறுமையாகத் தொங்கும். அரிவாள் தினமும் தீட்டியதாக இருக்கட்டும்.

5. சுண்ணாம்பில்தான் பாதித் தொழில் இருக்கிறது. பாளையிலிருந்து சொட்டுவது இனிப்பு நீர். காற்றிலும் கலசத்திலும் இருக்கும் ஈஸ்ட் அதில் விழுந்த நேரம் முதல் சர்க்கரையைத் தின்னத் தொடங்கும், சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். புளிப்பு ஏறினால் சர்க்கரையே உடைந்துவிடும், உடைந்த சர்க்கரை இறுகாது. கருப்பட்டி பிசுபிசுவென்று நிற்பதற்குப் பெரும்பாலும் அடுப்பைக் குறை சொல்கிறார்கள். கோளாறு மரத்தின் மேலேயே நடந்திருக்கும். கலசத்தின் உள்ளே நீற்றிய சுண்ணாம்பை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். குறைந்தால் புளிக்கும். கூடினால் கருப்பட்டி சாம்பல் பூத்து, நாக்கில் காறும். வெயில் ஏறும் மாசி, பங்குனியில் கொஞ்சம் கூட்டவும், குளிர்ந்த தை மாதத்தில் குறைக்கவும் பழகுங்கள். கலசத்தை ஒவ்வொரு நாளும் கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காயவிட்ட பிறகே பூச வேண்டும். பழைய பூச்சின்மேல் புதுப்பூச்சு பூசுவது சோம்பேறித்தனம்.

சட்டமும் இந்தச் சுண்ணாம்பில்தான் இருக்கிறது: பூசினால் அக்கானி, பூசாவிட்டால் கள். களியிக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. இந்தப் பக்கம் கேரளத்தில் கள் இறக்க உரிமம் வேண்டும். ஏறத் தொடங்குமுன் கலால் அலுவலகத்தில் போய்க் கேட்டு, எழுத்தில் தெளிவு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

6. காலையில் இறக்கியதை அன்று காலையே அடுப்பேற்றுங்கள். வடிகட்டி, அடியில் படிந்த சுண்ணாம்பு கலங்காமல் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். பனையோலையும் மட்டையும் எரித்தால் போதும், விறகு வாங்க வேண்டாம். முதலில் வெள்ளை நுரை மேலே வரும், அதை எடுத்துவிடுங்கள். பாதி வற்றியதும் பொன்னிறக் குமிழ் பெரிதாகப் பொங்கும். அப்போது இடித்த ஆமணக்கு விதை ஒரு சிட்டிகை போட்டால் அடங்கும். பிறகு குமிழ் சிறுத்து, கறுத்து, மொதுமொதுவென்று கனத்த சத்தம் கேட்கத் தொடங்கும். அந்தச் சத்தம் மாறும்போது காய்ச்சும் குடிசையான விடிலியை விட்டு அசையாதீர்கள், போனை எடுக்காதீர்கள். தீயைக் குறையுங்கள். ஒரு துளியைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு விரலால் உருட்டுங்கள். கரைந்தால் இன்னும் காய வேண்டும். விரலில் ஒட்டாமல் உருண்டால் இறக்குங்கள். இறக்கிய பிறகு துடுப்பால் கிண்ட வேண்டும். மினுமினுப்புப் போய் மங்கி, துடுப்பு கனக்கும்போது, தண்ணீரில் ஊறவைத்த சிரட்டையில் ஊற்றுங்கள். ஊறாத சிரட்டையிலிருந்து கருப்பட்டி கழன்று வராது. பத்து லிட்டர் அக்கானிக்கு ஒன்றேகால் கிலோ கிடைத்தால் நல்ல நாள்.

7. சீனி போடாதீர்கள். எடை கூடும், சீக்கிரம் இறுகும், பார்வைக்கும் அழகாக இருக்கும். சந்தையில் விற்பதில் எவ்வளவோ அப்படித்தான் வருகிறது. அந்த விலையோடு போட்டி போட முடியவில்லை என்று நீங்கள் வருத்தப்படுவது நியாயம். ஆனால் இருபது மரம் ஏறி இறங்கிக் கொண்டுவந்த ருசியைக் கடைச் சீனியில் கரைப்பதற்கு இவ்வளவு உயரம் ஏற வேண்டியதே இல்லை.

8. விற்கும்போது விளையின் பேரையும், காய்ச்சிய மாதத்தையும், ஏறியவர் பேரையும் ஓலைப்பெட்டியின்மேல் எழுதுங்கள். திருவனந்தபுரத்தின் சாலைக் கம்போளத்தில் மொத்தமாகக் கொட்டினால் எல்லாம் ஒரே குவியலாகிவிடும். திருவனந்தபுரத்தில் கருப்பட்டிக் காப்பி குடித்து வளர்ந்த வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஒருமுறை குடித்துப் பார்க்கக் கொடுங்கள், அவர்களே தேடி வருவார்கள்.

9. மழைக்காலத்தில் நல்ல கருப்பட்டி இளகும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம், அடுப்புப் புகை படும் பரணில் ஓலைப்பெட்டிக்குள் வையுங்கள். ஒவ்வொரு மாதத்துக் காய்ச்சலிலிருந்தும் இரண்டு சிரட்டை விற்காமல் எடுத்து வையுங்கள், மாதத்தைக் குறித்து. அடுத்த தையில் பாளைக்கு ஏறுவதற்குமுன் எல்லாவற்றையும் உடைத்து வரிசையாக ருசித்துப் பாருங்கள். எந்த மாதம் சுண்ணாம்பு கூடியது, எப்போது தீ மிஞ்சியது என்பது அதில் தெரிந்துவிடும்.