குண்டின் வேகத்தை அளக்கும் கருவி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் இன்று கைப்பையில் அடங்கிவிடுகிறது. சந்தையில் மூன்று வகைகள் உண்டு: குண்டின் நிழலைப் பார்க்கும் ஒளித்திரைக் கருவி, குழல் முனையில் கட்டப்படும் மின்காந்தக் கருவி, குண்டைப் பின்தொடரும் டாப்ளர் ரேடார். மூன்றும் பழைய ஒரு முயற்சியின் வாரிசுகள். 1742-இல் வெளிவந்த நூலில் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர், மரப்பலகை பொருத்திய கனத்த ஊசலில் குண்டைச் சுட்டு, ஊசல் எவ்வளவு தூரம் ஆடியது என்பதிலிருந்து வேகத்தைக் கணக்கிடும் வழியை விளக்கினார். 19-ஆம் நூற்றாண்டில் பெல்ஜியப் பீரங்கிப்படை அதிகாரி லெ பூலாஞ்சே இரண்டு கம்பித் திரைகளை நிறுத்தினார். முதல் கம்பி அறுந்ததும் ஒரு தண்டு விழத் தொடங்கும், இரண்டாவது அறுந்ததும் ஒரு கத்தி அந்தத் தண்டில் குறி போடும்.

ராபின்ஸ் ஊசலின் ஆட்டத்தை அளந்தார். லெ பூலாஞ்சே தண்டு விழுந்த தொலைவை அளந்தார். இன்றைய கருவி நேரத்தையோ அதிர்வெண்ணையோ அளக்கிறது. வேகத்தை எந்தக் கருவியும் நேராகப் பார்ப்பதில்லை; வேறொன்றை அளந்து வேகத்தைக் கணக்கிட்டுச் சொல்கிறது. இதை மறப்பதால்தான் கருவி வாங்குவோரிடம் பல தவறான நம்பிக்கைகள் ஊன்றிவிடுகின்றன.

நம்பிக்கை: திரையில் புள்ளிக்குப் பின்னும் இலக்கம் தெரிந்தால் கருவி மிகத் துல்லியமானது.

இலக்கங்களின் எண்ணிக்கைக்கும் துல்லியத்துக்கும் தொடர்பில்லை. ஒளித்திரைக் கருவியில் துல்லியத்தை முடிவு செய்வது இரண்டு திரைகளுக்கு இடையிலான தூரம். வினாடிக்கு 3000 அடி, அதாவது சுமார் 914 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு ஓர் அடி இடைவெளியை 333 மைக்ரோவினாடியில் கடந்துவிடும். அந்த நேரத்தை எண்ணுவது மின்னணுக் கடிகாரத்துக்குக் கடினமல்ல. குண்டு எந்தப் புள்ளியில் இருக்கும்போது திரை விழித்துக்கொண்டது என்பதில்தான் சிக்கல். ஒரு திரை 8-இல் ஒரு பங்கு அங்குலம் முந்தியோ பிந்தியோ விழித்தால், 12 அங்குல இடைவெளியில் அது ஒரு சதவீதப் பிழை. 3000 அடிக்கு ஏறக்குறைய 30 அடி. அதே பிழை 4 அடி இடைவெளியில் 8 அடியாகக் குறைந்துவிடும். மடித்து எடுத்துச் செல்லும் சிறிய பெட்டிகள் விலை மலிவு, தூக்க எளிது. அவற்றின் குறுகிய இடைவெளியே அவற்றின் எல்லையும்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஓலர் நிறுவனம் இதற்கு நேர்மையான ஒரு தீர்வைத் தந்தது. அதன் 35பி கருவியில் மூன்று திரைகள் உண்டு. ஒரே குண்டை இருமுறை அளந்து, இரண்டு விடைகளும் ஒத்துப்போகாவிட்டால் அந்த அளவை நம்ப வேண்டாம் என்று கருவியே குறி காட்டும். தன் பிழையைத் தானே சொல்லும் கருவி, பத்து இலக்கம் காட்டும் கருவியைவிட மேல்.

நம்பிக்கை: நல்ல வெயில் இருந்தால் ஒளித்திரை நன்றாக வேலை செய்யும்.

நேர்மாறாக, சீரான மேகமூட்டமே அதற்கு உகந்த வானம். உணரி மேல்நோக்கிப் பார்க்கிறது. குண்டு கடக்கும்போது வெளிச்சம் சற்றுக் குறைவதைக் கண்டுபிடிக்கிறது. ஆழ்ந்த நீல வானத்தில் இந்த வேறுபாடு மங்கிவிடும். காலையிலும் மாலையிலும் தாழ்ந்த வெயில் குண்டின் அடிப்பக்கத்தில் பட்டுப் பளிச்சிட்டால் நிழலே கலைந்துபோகும். வெள்ளைப் பிளாஸ்டிக் கூரைகளைத் திரைகளுக்கு மேல் பொருத்துவது இதனால்தான். உள்ளரங்கில் குழல்விளக்கு வேறு விதமான தொல்லை: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது வினாடிக்கு 100 முறை துடிக்கிறது, உணரி ஒவ்வொரு துடிப்பையும் குண்டாக எண்ணக்கூடும். அதற்கென்று தனியாக விற்கும் அகச்சிவப்பு விளக்குகளே உள்ளரங்குக்குப் பொருந்தும்.

பெட்டியைச் சாய்வாக வைத்தாலும் கணக்கு தவறும். குண்டின் பாதைக்கு 5 பாகை சாய்ந்து நின்றால் திரைகளுக்கு இடையே குண்டு செல்லும் தூரம் 0.4 சதவீதம் கூடும்; 2800 அடி வேகத்தைக் கருவி 11 அடி குறைத்துக் காட்டும். வாடிக்கையாளர் கருவியைக் குறை சொல்வார். குறை முக்காலியில் இருக்கும்.

நம்பிக்கை: குழல் முனைக்கு எவ்வளவு அருகில் வைக்கிறோமோ அவ்வளவு சரியான வேகம் கிடைக்கும்.

குண்டுக்குப் பின்னால் வெளிவரும் வாயுவும் எரியாத மருந்துத் துகள்களும் திரையை ஏமாற்றும். அதனால் மைய வெடிப்புத் தோட்டா சுடும் ரைஃபிளுக்கு 10 முதல் 15 அடி தள்ளி வைப்பது வழக்கம். அங்கே கிடைப்பது குழல்முனை வேகமல்ல, அந்த இடத்தின் வேகம். 0.308 அங்குலக் குழலில் 168 கிரெயின் குண்டு ஒரு கெஜத்துக்குச் சுமார் 2 அடி வேகத்தை இழக்கிறது. 15 அடியில் இழப்பு ஏறத்தாழ 10 அடி. அதைக் கூட்டிக்கொண்டால் போதும்.

நம்பிக்கை: குழலில் கட்டும் கருவி எதையும் பாதிக்காது.

மேக்னட்டோஸ்பீடு போன்ற கருவிகளைக் குழல் முனையில் பயோனெட் கத்தியைப் போலப் பட்டையால் இறுக்குகிறார்கள். குண்டு கடக்கும்போது இரண்டு உணரிகளில் மின்காந்த மாற்றம் ஏற்படுகிறது. வெயில், மேகம், விளக்கு எதுவும் பொருட்டல்ல. சுடுதளத்தில் முன்னே நடந்து சென்று எதையும் நிறுத்த வேண்டியதும் இல்லை. வேக அளவும் நம்பத்தக்கது. ஆனால் குழலின் நுனியில் எடை கூடுவதால் அது அதிரும் விதம் மாறுகிறது, குண்டு படும் இடமும் மாறுகிறது. எனவே வேகத்தையும் இலக்கில் குண்டுகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்பதையும் ஒரே சுற்றில் சோதிக்க இது உதவாது. பிளாஸ்டிக் குண்டுகளை இது காணாது. நேராகக் கட்டாவிட்டால் குண்டே கருவியில் உரசும் என்பதால், இறுக்கிய பின் ஒருமுறை கண்ணால் சரிபார்ப்பது கட்டாயம்.

நம்பிக்கை: ரேடார் வந்துவிட்டது, இனிப் பிழைக்கே இடமில்லை.

ரேடார் பெரிய முன்னேற்றம்தான். 24 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பி, குண்டில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியது என்று பார்க்கிறது. வினாடிக்கு 800 மீட்டர் வேகத்துக்கு அந்த மாற்றம் ஏறக்குறைய 128 கிலோஹெர்ட்ஸ். இதை மிக நுட்பமாக அளக்க முடியும். கனடாவில் உருவான லேப்ராடார் 0.1 சதவீதத் துல்லியத்தை அறிவிக்கிறது. 2023 இறுதியில் 600 டாலர் விலையில் வந்த கார்மின் ஸீரோ சி1 ப்ரோ உள்ளங்கையில் அடங்கும். 100 முதல் 5000 அடி வரையிலான வேகங்களை அளக்கும்.

எனினும் ரேடார் குழல் முனையில் அளப்பதில்லை. குண்டு சிறிது தூரம் சென்ற பிறகே தெளிவாகப் பிடித்து, வேகம் குறையும் வரிசையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு முனை வேகத்தைச் சொல்கிறது. முதல் லேப்ராடார் சுடும் ஒலியைக் கேட்டு விழிப்பது. பக்கத்து மேடையில் யாரேனும் சுட்டால் அதற்கும் விழிக்கும், ஓசை குறைந்த துப்பாக்கிக்கு விழிக்காமலும் போகும். அதை இலக்கை நோக்கிச் சரியாகத் திருப்பி வைக்கவும் வேண்டும். பின்வந்த கருவிகளில் இந்தத் தொல்லைகள் வெகுவாகக் குறைந்துள்ளன.

நம்பிக்கை: ஐந்து முறை சுட்டால் தோட்டாவின் சீர்மை தெரிந்துவிடும்.

எல்லா நம்பிக்கைகளிலும் ஆழமாக வேரூன்றியது இது. இதைக் கருவியால் திருத்த முடியாது, கணக்கு தெரிந்தவரால்தான் முடியும். ஒவ்வொரு குண்டின் வேகமும் சற்று மாறும். அந்தச் சிதறலைத் திட்ட விலக்கம் என்ற எண்ணால் குறிக்கிறார்கள். ஐந்து குண்டுகளில் திட்ட விலக்கம் 10 அடி என்று திரை காட்டினால், அந்தத் தோட்டாவின் உண்மையான விலக்கம் 95 சதவீத நம்பகத்துடன் 6-க்கும் 29-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். ஒரு மருந்துக் கலவை 8 காட்டியது, இன்னொன்று 14 காட்டியது, ஆகவே முதலாவதே சிறந்தது என்ற முடிவுக்கு ஐந்து குண்டுகளில் ஆதாரமே இல்லை. 20 குண்டுகள் சுட்டால் அதே 10 அடியின் வரம்பு 7.6 முதல் 14.6 வரை சுருங்கும். அப்போதுகூட அது குறுகிய வரம்பு அல்ல.

மிக வேகமான குண்டுக்கும் மிக மெதுவான குண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பவர்கள் இன்னும் எளிதாக ஏமாறுவார்கள். அந்த வித்தியாசம் சுடச்சுடக் கூடிக்கொண்டே போகும் இயல்புடையது: 3 குண்டுகளில் சராசரியாகத் திட்ட விலக்கத்தின் 1.7 மடங்கு, 10 குண்டுகளில் 3.1 மடங்கு. மூன்று குண்டுக்காரர் பெருமையாகச் சொல்லும் சிறிய எண், குறைவாகச் சுட்டதன் விளைவு மட்டுமே. சராசரி வேகத்தை அறியக் குறைந்த குண்டுகள் போதும். சீர்மையை அறியப் போதாது.

கருவியின் சொந்தப் பிழையும் இதில் கலக்கிறது. தோட்டாவின் உண்மையான விலக்கம் 8 அடி, கருவியின் விலக்கம் 6 அடி என்றால் திரையில் 10 தெரியும், ஏனெனில் இரண்டும் வர்க்கங்களாகக் கூடுகின்றன. மலிவான ஒளித்திரையால் நல்ல தோட்டாவைக் கெட்டது என்று காட்ட முடியும் என்பதற்கு இதுவே விளக்கம்.

நம்பிக்கை: பொழுதுபோக்குச் சுடுதலில் ஒரு சதவீதப் பிழை பெரிதல்ல.

ஏர் ரைஃபிள் வைத்திருப்பவருக்கு அது சட்டப் பிரச்சினையாகலாம். இங்கிலாந்தில் ஏர் ரைஃபிளின் ஆற்றல் 12 அடி-பவுண்டைத் தாண்டினால் துப்பாக்கி உரிமச் சான்று வேண்டும். 8.44 கிரெயின் பெல்லட் வினாடிக்கு 800 அடியில் சென்றால் ஆற்றல் சரியாக அந்த எல்லையில், சுமார் 16.3 ஜூலில் நிற்கும். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது; வேகத்தில் ஒரு சதவீதப் பிழை ஆற்றலில் இரண்டு சதவீதமாகும். திரையில் 11.9 என்று படிப்பவரின் ரைஃபிள் உண்மையில் 12.1 ஆக இருக்கலாம். இந்தியாவின் 2016 ஆயுத விதிகளும் காற்றுத் துப்பாக்கிகளைத் தரம் பிரிக்க 20 ஜூல் என்ற ஆற்றல் எல்லையைக் கையாளுகின்றன. ஐபிஎஸ்சி என்ற பன்னாட்டு அமைப்பின் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் குண்டின் எடையைக் கிரெயினிலும் வேகத்தை வினாடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி வரும் எண் குறைந்தது 125 ஆயிரத்தைத் தொட வேண்டும். 124 கிரெயின் குண்டுக்கு அதற்குத் தேவையான வேகம் வினாடிக்கு 1008 அடி 1 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. எல்லையை ஒட்டிச் சுடுபவர் தம் கருவியின் பிழை அளவுக்கு ஒதுங்கி நிற்பதே முறை.

நம்பிக்கை: வேகம் இயல்பாக இருந்தால் அறை அழுத்தமும் பாதுகாப்பாகவே இருக்கும்.

இது ஆபத்தான நம்பிக்கை. மருந்து எரிந்து அழுத்தம் உச்சத்தைத் தொடும்போது குண்டு குழலில் சில சென்டிமீட்டரே நகர்ந்திருக்கும்; குரோனோகிராஃப் அதைக் காண்பது எல்லாம் முடிந்த பிறகு. வேகமாக எரியும் மருந்து அதே வேகத்தை அதிக அழுத்தத்தில் தரக்கூடும். அழுத்தத்தை அளக்க ஆய்வகங்கள் அறையில் பீசோ மின் உணரியைப் பொருத்துகின்றன. கையடக்கக் கருவியில் அது இல்லை. தோட்டாவில் மருந்து நிரப்புவோருக்கான கையேட்டில் அச்சிட்ட உச்ச வேகத்தைத் திரை தாண்டினால் அங்கேயே நிறுத்த வேண்டும். வேகம் குறைவாக வந்தால் மருந்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்று அதற்குப் பொருள் அல்ல. குழல் குட்டையாக இருந்தாலும் வேகம் குறையும்.

நம்பிக்கை: விலை கூடியதே எல்லோருக்கும் ஏற்றது.

திறந்தவெளியில் எப்போதாவது சராசரி வேகத்தைச் சரிபார்ப்பவருக்கு 100 டாலர் அளவிலான ஒளித்திரை போதும், இடைவெளி அகலமாக இருந்தால் நல்லது. ஆனால் அதைச் சுடுவோருக்கு முன்னால் நிறுத்த வேண்டும். நிறுத்தும்போதெல்லாம் சுடுதளம் முழுவதும் சுடுவதை நிறுத்தியாக வேண்டும். கூட்டமான சுடுதளத்துக்கும் உள்ளரங்குக்கும் அது பொருந்தாது. வேட்டை ரைஃபிள் ஒன்றே ஒன்று வைத்திருப்பவருக்குக் குழலில் கட்டும் கருவி சிக்கனமான தேர்வு. பல துப்பாக்கிகள், நீண்ட சுற்றுகள், தோட்டாக்களின் சீர்மை ஆகியவற்றில் அக்கறை உள்ளவருக்கு ரேடாரே சரி. அதற்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. எதை வாங்கினாலும், நம்பிக்கையான வேறொரு கருவியோடு சேர்த்து வைத்து ஒரே குண்டுகளை இரண்டிலும் அளந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு வீட்டுக்குக் கொண்டு செல்லுங்கள்.